பட்டியலில் தன் பெயரைத் தேடும் விரலுக்காக: வேர்டில் அட்டவணை அமைக்கும் முறை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்தின் சந்தாப் பட்டியலை மாதம் ஒருமுறை, கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டுவோம். கொழுந்து நிறுத்து முடித்த கையோடு பெண்கள் அதன் முன்னால் வந்து நிற்பார்கள். சுட்டுவிரலைத் தன் பெயரில் வைத்து, அப்படியே வலப்பக்கம் நகர்த்தி, கட்டிய தொகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரல் ஒரு வரி தவறினால் அடுத்த வீட்டுக்காரரின் நிலுவை இவருடையதாகத் தெரியும். பட்டியலைத் தட்டச்சுச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்த முதல் மாதத்தில் அப்படித்தான் நடந்தது. எந்த நிலுவையும் இல்லாத ஒரு பாட்டி, இரண்டு மாதச் சந்தா பாக்கி என்று நினைத்து, விடிவதற்கு முன்பே பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். கணக்கு சரியாகவே இருந்தது. அட்டவணைதான் அவரை அலைக்கழித்துவிட்டது.

அன்றிலிருந்து அட்டவணை அமைப்பதை அலங்கார வேலையாக நான் நினைப்பதில்லை. சங்கச் செயலாளராகப் புதிதாகத் தெரிவானவர், வரவுப் பதிவை கணினிக்கு மாற்ற விரும்பும் முன்பள்ளி ஆசிரியை, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை என யாராக இருந்தாலும் பின்பற்றக்கூடிய விதத்தில் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்று: 72 குடும்பங்களின் சந்தாப் பட்டியல். மென்பொருள் மைக்ரோசொப்ட் வேர்ட். பணம் கொடுத்து வாங்க முடியாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் இதே வேலையைச் செய்யலாம். முறை மாறும் இடங்களில் குறிப்பிடுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். மற்றபடி நமது பாடப் புத்தகச் சொற்கள்தான்: குறுக்காகப் போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல், இரண்டும் சந்திக்கும் கட்டம் கலம்.

முதலில் காகிதமும் அடிமட்டமும்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு ஏ4 தாளை எடுங்கள். அதன் அகலம் 21 சென்டிமீட்டர். இரு பக்கமும் 2.54 சென்டிமீட்டர் ஓரம் விட்டால் எழுதுவதற்கு 15.92 சென்டிமீட்டர் மிஞ்சும். எல்லா நிரல்களும் அதற்குள் அடங்க வேண்டும். எங்கள் பட்டியலில் நான் பிரித்துக்கொண்ட விதம் இது: தொடர் இலக்கம் 1.1, பெயர் 5.0, லயம் (குடும்பம் இருக்கும் வரிசை வீடுகளின் எண்) 1.8, அடையாள அட்டை எண் 3.4, சந்தா 2.0, கையொப்பம் 2.6. கூட்டினால் 15.9.

இந்த அளவுகளை ஊகித்து எழுதவில்லை. ஒவ்வொரு நிரலிலும் வரக்கூடிய மிக நீளமான பதிவு எது என்று பழைய கொப்பியில் தேடிப் பார்த்தேன். பெயர் நிரலில் தந்தை பெயரின் முன்னெழுத்தோடு நீளமான பெயர்கள் வரும். அடையாள அட்டை எண் பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். இலங்கையில் 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கம். 12 இலக்கம் ஒரே வரியில் நிற்காவிட்டால் அடுத்த வரிக்கு உடைந்து இறங்கிவிடும், அலுவலகத்தில் அதைப் பார்த்து எழுதுபவர் ஓர் இலக்கத்தைத் தவறவிடுவார்.

நிரல் தலைப்புகளையும் காகிதத்திலேயே சுருக்கிவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "செலுத்தப்பட்ட மாதாந்தச் சந்தாத் தொகை" என்ற தலைப்பு இரண்டு சென்டிமீட்டர் நிரலில் நுழைந்தால் சொற்கள் நடுவில் முறிந்து எழுத்துகளாகச் சிதறும். "சந்தா" என்று தலைப்பில் எழுதுங்கள். "ரூபாயில்" என்பதை அட்டவணைக்கு மேலே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

எழுத்துருவைத் தீர்மானியுங்கள்

இந்த ஒரு முடிவு பின்னால் வரும் எல்லாவற்றையும் பாதிக்கும். நமது பகுதியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள் ஏராளம். பாமினியில் நீங்கள் எழுதுவது கணினிக்கு ஆங்கில எழுத்துதான். தமிழ் உருவம் மேலே போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பட்டியல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்தாகத் தெரியும். பெயர்களை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் ஆங்கில எழுத்தின் வரிசையில் அடுக்கும்.

ஆகவே, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினியில் பதியும் யூனிகோட் முறையில் எழுதுங்கள். விண்டோஸ் 8 முதல் உடன் வரும் நிர்மலா யுஐ எழுத்துரு தமிழையும் சிங்களத்தையும் ஒன்றாகத் தாங்கும். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் பட்டியலில் இரு மொழியிலும் தலைப்பு வைக்க வேண்டியிருந்தால் இது பெரிய வசதி. பழைய பாமினிக் கோப்புகள் கையில் இருந்தால் யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் மூலக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அட்டவணையை உருவாக்குதல்

முதலில் தலைப்பை எழுதுங்கள்: சங்கம், மாதம், ஆண்டு. தலைப்பை அட்டவணைக்குள் முதல் நிரையாக வைத்து எல்லாக் கலங்களையும் இணைத்துப் பெரிதாக எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. அது வேண்டாம், தலைப்பு வெளியிலேயே இருக்கட்டும். காரணம் பின்னால் வரும்.

என்டர் விசையைத் தட்டிப் புதிய வரிக்கு வந்து, 'இன்சர்ட்' பட்டியில் 'டேபிள்' என்பதை அழுத்துங்கள். சிறு கட்டங்கள் கொண்ட பலகை விரியும். அதை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள 'இன்சர்ட் டேபிள்' என்ற வரியைத் தெரிவுசெய்து, நிரல் 6, நிரை 2 என்று கொடுங்கள். 72 குடும்பங்களுக்கு இரண்டே நிரையா என்று கேட்கலாம். கடைசிக் கலத்தில் நின்று டேப் விசையைத் தட்டினால் புதிய நிரை தானாகவே பிறக்கும். முதலிரு நிரைகளை ஒழுங்குபடுத்திவிட்டால், பின்னால் வருபவை அதே அமைப்போடு வரும். 73 நிரைகளைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட இது எளிது. ரைட்டரில் கண்ட்ரோல் விசையோடு எஃப் 12 ஐ அழுத்தினால் இதே பெட்டி வரும்.

அட்டவணைக்குள் சுட்டி நிற்கும்போது மட்டும் மேலே இரண்டு புதிய பட்டிகள் தோன்றும்: ஒன்று வடிவமைப்புக்கான 'டேபிள் டிசைன்', மற்றது 'லேஅவுட்'. புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பக்கத்தின் ஓரங்களை மாற்றுவதற்கும் 'லேஅவுட்' என்ற பெயரிலேயே இன்னொரு பட்டி முன்னால் இருக்கும். உங்களுக்கு வேண்டியது வலப்பக்கக் கடைசியில் இருப்பது. அது தெரியவில்லை என்றால் அட்டவணைக்குள் ஒருமுறை சொடுக்குங்கள்.

அகலத்தைப் பூட்டுதல்

வேர்ட், நீளமான பெயர் வந்தால் அந்த நிரலைத் தானாகவே விரித்து மற்றவற்றை நெருக்கும். நல்லெண்ணத்தில் செய்வதுதான்; ஆனால் நாம் அடிமட்டம் வைத்து அளந்தது எல்லாம் வீணாகிவிடும். ஆகவே எழுதத் தொடங்குவதற்கு முன்பே பூட்டிவிடுங்கள்.

அட்டவணையின் இடது மேல் மூலையில் சிறு சிலுவை அம்பு தோன்றும். அதைச் சொடுக்கினால் முழு அட்டவணையும் தெரிவாகும். 'லேஅவுட்' பட்டியில் 'ஓட்டோஃபிட்' என்பதன் கீழ் 'ஃபிக்ஸ்ட் கொலம் விட்த்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொரு நிரலாகத் தெரிவுசெய்து, அதே பட்டியில் உள்ள 'விட்த்' பெட்டியில் காகிதத்தில் எழுதிய அளவைக் கொடுங்கள். பெட்டி அங்குலத்தில் காட்டினால் 'ஃபைல்', 'ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' என்று போய் அளவு அலகைச் சென்டிமீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள்.

சுட்டியால் கோட்டை இழுத்து அகலத்தை மாற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரே ஒரு கலம் தெரிவாகியிருக்கும் நிலையில் கோட்டை இழுத்தால் அந்தக் கலத்தின் கோடு மட்டும் நகரும், நிரல் பல்லிளித்து நிற்கும். அந்த வளைவில்தான் எங்கள் பாட்டியின் விரல் தவறியது.

தட்டச்சுச் செய்யும்போது

அடுத்த கலத்துக்குப் போக டேப், பின்னால் வர ஷிஃப்ட் விசையோடு டேப். கலத்துக்குள் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி எண்ணை வலப்பக்கம் தள்ளாதீர்கள். வரி நிறைந்ததும் என்டர் தட்டி இறக்காதீர்கள். அது தானாகவே மடியும். தவறான நிரையை நீக்க வேண்டுமானால் அதைத் தெரிவுசெய்து 'லேஅவுட்' பட்டியில் 'டிலீட்', 'டிலீட் ரோஸ்'. விசைப்பலகையின் டிலீட் விசை உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் அழிக்கும், வெற்று நிரை அப்படியே இருக்கும்.

தொடர் இலக்கத்தைக் கையால் எழுதவே வேண்டாம். எல்லாப் பெயர்களையும் எழுதி முடித்ததும், தலைப்பை விட்டு முதல் நிரலைத் தெரிவுசெய்து, 'ஹோம்' பட்டியில் உள்ள எண்ணிடும் பொத்தானை அழுத்துங்கள். 1 முதல் 72 வரை ஒரே நொடியில் விழும். நடுவில் ஒரு குடும்பம் சேர்ந்தாலும் விலகினாலும் எண்கள் தாமாகவே திருந்திக்கொள்ளும்.

அடையாள அட்டை எண்களை எக்செல் கோப்பிலிருந்து பிரதி செய்து ஒட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 12 இலக்க எண்ணை எக்செல் பொதுவாகச் சுருக்கி, புள்ளியும் அடுக்குக்குறியுமாகக் காட்டும். ஒட்டும்போது அந்தச் சுருக்கமே வேர்டுக்கு வந்துவிடும். எக்செலில் அந்த நிரலின் வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு எண்களை எழுதுங்கள்.

நிரையின் உயரம்

எங்கள் சங்கத்தில் மூத்தவர்கள் பலர் பெருவிரல் அடையாளம் வைப்பவர்கள். அரை சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டத்தில் ஒரு விரல் பதியாது. பதிந்தாலும் மேல், கீழ் வீட்டாரின் கட்டத்தில் மையைப் பூசிவிடும். எனவே நிரையின் உயரம் 1.2 சென்டிமீட்டர்.

முழு அட்டவணையையும் தெரிவுசெய்து, வலது சொடுக்கில் 'டேபிள் ப்ரொப்பர்ட்டீஸ்', அதில் 'ரோ' என்ற பகுதிக்குப் போங்கள். உயரத்தைக் கொடுத்து, பக்கத்தில் உள்ள பெட்டியில் 'அட் லீஸ்ட்' என்பதை வையுங்கள். அதாவது குறைந்தது இவ்வளவு. தேவைப்பட்டால் நிரை வளரலாம். 'எக்ஸாக்ட்லி' என்று வைத்தால் அதற்கு மேல் வளராது. நீளமான பெயரின் இரண்டாவது வரி மறைந்துவிடும். உயரம் குறைவாக இருந்தால் தமிழில் இன்னும் மோசம்: மேலே எழும் விசிறியும் புள்ளியும் வெட்டுப்பட்டு 'கீ' என்பது 'க' போலத் தெரியும். ஒரு மனிதரின் பெயர் அவர் கண் முன்னாலேயே வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதே பகுதியில் 'அலவ் ரோ டு பிரேக் அக்ரொஸ் பேஜஸ்' என்ற பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரது பெயரின் முதல் வரி ஒரு பக்கத்தின் அடியிலும் மீதி அடுத்த பக்கத்தின் தலையிலும் நிற்கக்கூடும்.

ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு

1.2 சென்டிமீட்டர் உயரத்தில் ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 17 முதல் 19 குடும்பங்கள் அடங்கும். 72 குடும்பங்களுக்கு நான்கு பக்கங்கள். முதல் பக்கத்தில் மட்டும் நிரல் தலைப்புகள் இருந்தால், மூன்றாம் பக்கத்தைக் கையில் எடுப்பவருக்கு எது சந்தா, எது லயம் என்று தெரியாது. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் எங்கள் பட்டியலின் இரண்டாம் பக்கம் தனியாகக் கழன்று வேறு கோப்பில் சேர்ந்துவிட்டது. அதில் என்ன பட்டியல் என்பதற்கான அடையாளமே இல்லை. மூன்று முறை பஸ் ஏறிப் போய்த்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

தீர்வு மிகச் சிறியது. நிரல் தலைப்புகள் உள்ள முதல் நிரையைத் தெரிவுசெய்து, 'லேஅவுட்' பட்டியில் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' என்பதை அழுத்துங்கள். அடுத்தடுத்த பக்கங்களில் தலைப்பு தானாகவே தோன்றும். தோன்றவில்லை என்றால் இரண்டு காரணங்களைத் தேடுங்கள். 'டேபிள் ப்ரொப்பர்ட்டீஸ்' பெட்டியின் முதல் பகுதியில் 'டெக்ஸ்ட் ராப்பிங்' என்பது 'அரவுண்ட்' என்று இருக்கலாம்; அதை 'நன்' என்று மாற்றுங்கள். அல்லது நடுவில் நீங்களே பக்கத்தை உடைத்திருக்கலாம். அந்த உடைப்பை நீக்குங்கள். ரைட்டரில் அட்டவணையின் 'ப்ரொப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' என்ற பகுதியில் 'ரிப்பீட் ஹெடிங்' இருக்கிறது.

இதோடு பக்க எண்ணையும் போட்டுவிடுங்கள். 'இன்சர்ட்' பட்டியில் 'பேஜ் நம்பர்'. கழன்ற பக்கத்துக்கு அதுதான் முகவரி.

எது எந்தப் பக்கம் சாய வேண்டும்

பெயர் இடப்பக்கம் ஒட்டி. தொகை வலப்பக்கம் ஒட்டி. தொடர் இலக்கமும் லயமும் நடுவில். கலத்தின் உயரத்தில் எல்லாமே நடுவில். 'லேஅவுட்' பட்டியில் ஒன்பது சிறு பொத்தான்கள் இதற்காகவே இருக்கின்றன.

தொகை ஏன் வலப்பக்கம் ஒட்ட வேண்டும் என்றால், 200.00 ரூபாயும் 1,200.00 ரூபாயும் ஒன்றன் கீழ் ஒன்று நிற்கும்போது ஆயிரத்தின் இலக்கம் தனியாக இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். படிக்காமலேயே கண் அதைப் பிடித்துவிடும். நடுவில் நிறுத்தினால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். இதற்கு ஒரு நிபந்தனை: எல்லாத் தொகைக்கும் சதம் இரண்டு இலக்கமாக எழுதுங்கள், அல்லது எதற்கும் எழுதாதீர்கள்.

கோடுகளின் தடிமன் அரைப் புள்ளி (½ pt) போதும். பின்னணி நிறம் தலைப்பு நிரைக்கு மட்டும், அதுவும் மிக வெளிறிய சாம்பல். பெரும்பாலான பட்டியல்கள் போட்டோ கொப்பியாகத்தான் கைமாறுகின்றன. அடர்த்தியான நிறம் கொப்பியில் கறுத்துப்போய் எழுத்தை விழுங்கிவிடும்.

வரிசைப்படுத்தலும் மொத்தமும்

அகரவரிசையில் அடுக்கினால் முன்னெழுத்துதான் முதலில் வரும் என்பதால், ஒரே லயத்தார் வெவ்வேறு மூலையில் போய் விழுவார்கள். நாங்கள் லயத்தின் எண்படி அடுக்குகிறோம். மடுவத்துக்கு ஒரே லயத்துப் பெண்கள் சேர்ந்துதான் வருவார்கள். தங்கள் லயத்தைக் கண்டதும் பெயரைக் கண்டுவிடுவார்கள். 'லேஅவுட்' பட்டியில் 'சோர்ட்' என்பதை அழுத்தி, லயம் நிரலைத் தேர்ந்து, வகை 'நம்பர்' என்று கொடுங்கள். 'டெக்ஸ்ட்' என்று இருந்தால் 10ஆம் லயம் 2ஆம் லயத்துக்கு முன்னால் வந்துவிடும். இரண்டாவது விதியாகப் பெயரைக் கொடுக்கலாம். தலைப்பு நிரை இருக்கிறது என்ற தெரிவையும் குறித்துவிடுங்கள். இணைத்த கலங்கள் இருந்தால் இந்த வேலை குழம்பும். பட்டியலின் தலைப்பை அட்டவணைக்கு வெளியே வைக்கச் சொன்னது இதனால்தான்.

அடுக்கி முடித்த பிறகு மட்டும் மொத்தத்துக்கான கடைசி நிரையைச் சேருங்கள். சந்தா நிரலின் அடிக் கலத்தில் நின்று 'லேஅவுட்' பட்டியில் 'ஃபோர்முலா' என்பதை அழுத்தினால், மேலே உள்ளவற்றைக் கூட்டும் சூத்திரம் பெட்டியில் தயாராக எழுதப்பட்டிருக்கும். சரி என்று சொன்னால் போதும். மூன்று இடங்களில் கவனம் வேண்டும். சந்தா கட்டாதவரின் கலத்தை வெறுமையாக விடாமல் 0 என்று எழுதுங்கள். வெற்றுக் கலம் கூட்டலைக் குழப்பக்கூடும். சந்தாவின் தலைப்புக் கலத்தில் 2025 என்று ஆண்டை மட்டும் எழுதினால், அந்த 2025 உம் ரூபாயாகக் கூட்டப்பட்டுவிடும். பிறகு ஒரு தொகையைத் திருத்தினால் மொத்தம் தானாக மாறாது. மொத்தத்தின் மேல் சொடுக்கி எஃப் 9 விசையைத் தட்ட வேண்டும். நான் இன்றும் மொத்தத்தைக் கைபேசிக் கணிப்பானில் ஒருமுறை கூட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துக்குக் கொடுக்கிறேன். அது ஊர்ப்பணம்.

சுவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று

அடையாள அட்டை எண் உள்ள பிரதியைச் சுவரில் ஒட்டாதீர்கள். அது அந்தந்த மனிதரின் சொந்தத் தகவல். தேயிலைக்கு வரும் லொறிக்காரர் வரை எல்லோரும் அதைப் பார்க்கத் தேவையில்லை. கோப்பை 'சேவ் அஸ்' மூலம் வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் அடையாள அட்டை நிரலையும் கையொப்ப நிரலையும் தெரிவுசெய்து 'டிலீட் கொலம்ஸ்' கொடுங்கள். ஆறு சென்டிமீட்டர் மிஞ்சும். 'ஓட்டோஃபிட்' என்பதன் கீழ் 'ஓட்டோஃபிட் விண்டோ' என்பதை அழுத்தினால் மீதி நிரல்கள் பக்கம் முழுவதும் விரியும். எழுத்தின் அளவை 14 ஆக உயர்த்துங்கள். மங்கலான மாலை வெளிச்சத்தில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெரிய எழுத்து எவ்வளவு உதவும் என்பதை ஒட்டிய அன்றே காண்பீர்கள்.

ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ அச்சிடக் கொண்டுபோகும்போது வேர்டுக் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோகாதீர்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் நிரல்கள் எல்லாம் நகர்ந்து, நான்கு பக்கம் ஆறு பக்கமாகிவிடும். 'சேவ் அஸ்' பெட்டியில் வகையை 'பிடிஎஃப்' என்று மாற்றிச் சேமித்து அதையே கொடுங்கள். முதலில் ஒரு பிரதி மட்டும் எடுத்து, முதல் பக்கத்துத் தலைப்பு, கடைசிப் பக்கத்து மொத்தம், நடுவில் நீளமான ஒரு பெயர் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு மீதியை எடுக்கச் சொல்லுங்கள். சுவருக்கான பிரதி லேசர் அச்சிலோ போட்டோ கொப்பியிலோ இருக்கட்டும். மை தெளிக்கும் அச்சுப்பொறியில் எடுத்த தாள், மடுவத்துக்குள் பனிமூட்டம் நுழையும் மாதங்களில் ஈரம் பட்டுக் கரைந்து, ஒரு வாரத்துக்குள் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.